ரிடண்டன்சி

லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அதிலிருந்து பிறந்த 'ரெடுண்டாரே', கரைமீறி வழிதல். பிரிட்டனில் ஆட்குறைப்புக்கும் ரிடண்டன்சி என்றே பெயர். சர்வர் அறையிலோ அது வீண்மிகை அல்ல, கணக்குப் போட்டு வைத்த மிகை. 1990களில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய 'டைகர்' வீடியோ சர்வரில், 'கப்' (புலிக்குட்டி என்று வைத்துக்கொள்வோம்) எனப்பட்ட கணினிகள் படத்தைத் துண்டுகளாகப் பங்கிட்டு, சேர்ந்து ஓட்டின. ஒவ்வொரு துண்டின் மறுபிரதியும் மேலும் நறுக்கப்பட்டு அடுத்தடுத்த குட்டிகளில் கிடந்தது. ஒன்று படுத்தால் அதன் சுமையை அவை பங்கிட்டுக்கொள்ளும். நான்காக நறுக்கினால், படித்து அனுப்பும் திறனில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கினால் போதும்.

எல்லாவற்றையும் இரட்டிப்பது ஊதாரித்தனம் என்பார்கள். வட்டில் இடமோ மலிவு. நேரத்துக்குப் படித்து அனுப்பும் வேகம்தான் அரிது. ஆனால் நறுக்கலுக்கும் விலையுண்டு: படுத்த குட்டியின் இருபுறமும் உள்ள நான்கு நான்கு குட்டிகளில் இன்னொன்றும் விழுந்தால் படத்தில் ஓட்டைதான்.