எழுபது ரூபாய் ரேடியோ

காரியாபட்டியில் மதுரை பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்கும்போதெல்லாம், கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவை நினைத்துக்கொள்வேன். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர் அல்லவா அவர்!

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு, ஓட்டலில் பரிமாறிப் பணம் சேர்த்து வாங்கினார். வாங்கியதைக் கழற்றிப் பார்த்தார். அதுதான் அவருடைய கல்லூரி!

பஸ்ஸில் வந்த பணம் பட்டறைக்குப் போயிற்று. மின்சார மோட்டார், பாட்டரியில் ஓடும் 'ரேஸன்ட்' ரேஸர் எல்லாம் பிறந்தன. ஐந்து வால்வு ரேடியோவை எழுபதே ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது.

1945-ல் அவர் முயற்சியால் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. என்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு வருஷம் வீண் என்பது அவர் கட்சி. சர்க்கார் இணங்கவில்லை, அவர் விலகினார். பிடிவாதம்தான், ஆனாலும் எனக்கு அவர் பக்கம்தான் மனம் சாய்கிறது. 1974-ல் அவர் காலமானார். அந்தக் கல்லூரி இன்றும் இருக்கிறது. படிப்பு நான்கு வருஷந்தான்.