இலங்கைப் பொருளாதார நெருக்கடியும் குடும்ப வரவு செலவும்

வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு 2022 ஏப்ரல் 12 அன்று அறிவித்தது. 1948இல் சுதந்திரம் பெற்றதிலிருந்து அந்நாடு கடன் தவறியது அதுவே முதல் முறை. அந்த அறிவிப்பைச் சூழ்ந்த சில ஆண்டுகளில் இலங்கைக் குடும்பங்கள் மூன்று அடிகளைத் தாங்க வேண்டியிருந்தது. முதலில் வந்தது விலையேற்றமும் தட்டுப்பாடும். அடுத்து தொழில் மந்தம். கடைசியாக அரசின் சிக்கனம். எரிபொருள் வரிசைகளின் படங்கள் வழியாக வெளியுலகம் கண்டது முதல் அடியைத்தான். வரிசைகள் கலைந்து, செய்தியாளர்கள் திரும்பிச் சென்ற பிறகே மூன்றாவது அடி விழுந்தது. வீடுகளில் அதிக காலம் தங்கியதும் அதுவே.

பின்னணி

2019 இறுதியில் கோட்டாபய ராஜபக்ச அரசு பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது; வேறு பல வரிகளையும் நீக்கியது. பெருந்தொற்று சுற்றுலா வருமானத்தை அழித்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை நெல் விளைச்சலைக் கெடுத்தது. அந்த ஆண்டில் அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் அதுவும் ஒன்று. அந்நியச் செலாவணி தீர்ந்தபோது, 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி தளர்த்தி விடப்பட்டது. டொலர் ஒன்றுக்கு 200 ரூபாயாக இருந்தது, இரண்டே மாதத்தில் சுமார் 360 ரூபாயாயிற்று.

விலை ஏறியது, சம்பளம் நின்றது

கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களுக்கு மட்டும் அது 94.9 சதவீதம். 400 கிராம் பால்மா பைக்கற்றின் விலை 2021 செப்டெம்பரில் 380 ரூபாய். 2022 மார்ச்சில் 790 ரூபாய். தேநீர்க் கடைகள் பால் தேநீரைக் கைவிட்டன. பிள்ளைக்கு மட்டும் பால், பெரியவர்களுக்குப் பிளேன்ரீ என்று வீடுகளிலும் ஒரு பங்கீடு வந்தது. 12.5 கிலோ எரிவாயு உருளை 1,493 ரூபாயிலிருந்து ஏழு மாதத்துக்குள் 4,860 ரூபாயானது. நகர்ப்புறத்து மாடி வீடுகளில்கூட விறகடுப்பு திரும்பியது. விறகு தேடும் நேரமும் கரி பிடித்த சட்டி தேய்க்கும் நேரமும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவை பெரும்பாலும் பெண்களின் நேரம்.

பணவீக்கம் என்ற சொல் இங்கே பலரைக் குழப்பியது. 2023 செப்டெம்பரில் அது 1.3 சதவீதமாக இறங்கியபோது நெருக்கடி முடிந்ததாகப் பேசப்பட்டது. ஆனால் 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களுக்கு ஓராண்டில் 170 ரூபாய் தேவைப்பட்டது. இரண்டாம் ஆண்டில் சுமார் 172 ரூபாய். ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. சம்பளம் அதே விகிதத்தில் உயராத வீட்டில் நெருக்கடி முடிந்திருக்க வழியில்லை.

2010க்குப் பிந்தைய கிரேக்கத்தின் நெருக்கடியோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு துலங்கும். யூரோவைப் பயன்படுத்தும் கிரேக்கத்தால் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைக்க முடியாது. ஆகவே சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெளிப்படையாக வெட்டினார்கள். மக்கள் அந்த வெட்டை எண்களில் பார்த்தார்கள். இலங்கை ஆசிரியரின் சம்பளச் சீட்டில் தொகை குறையவில்லை, அதைக் கொண்டு வாங்கக்கூடியது குறைந்தது. வெட்டை யாரும் அறிவிக்காததால் அதற்கு எதிராக மனுக் கொடுக்கவும் இடமில்லை. அரச ஊழியர்களுக்கு 2022 ஜனவரியில் 5,000 ரூபாய் படி கிடைத்தது. அடுத்த பெரிய உயர்வான 10,000 ரூபாய் 2024இல்தான் வந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளே மிகக் கொடிய ஆண்டுகள்.

மின்கட்டணமும் மண்ணெண்ணெயும்

சிக்கன நடவடிக்கைகளில் ஏழை வீடுகளை நேராகத் தாக்கியது மானிய நீக்கம். மாதம் 30 அலகு மின்சாரம் பாவிக்கும் வீடு என்பது இரண்டு மூன்று மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி, கைபேசிக்கு ஒரு மின்னேற்றி இருக்கும் வீடு. அலகுக்கு 2.50 ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய் என்ற பழைய விகிதத்தில் அந்த வீட்டுக்கு மாதம் 105 ரூபாய் வரும். 2022 ஓகஸ்டில் விகிதம் 8 ரூபாயும் 120 ரூபாயுமாக உயர, பட்டியல் 360 ரூபாயானது. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய். பட்டியல் 1,300 ரூபாய். ஓராண்டுக்கு முன் கட்டியதைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். இரு திருத்தங்களின் சராசரி உயர்வு முறையே 75, 66 சதவீதம் என்றுதான் அறிவிக்கப்பட்டது. அந்தச் சராசரிக்குள் இந்தச் சிறிய வீடு காணாமல் போனது. 2023 ஜூலையில் கட்டணம் குறைக்கப்பட்டது உண்மை. அதற்குள் சிவப்பு அறிவித்தல் வந்து, இணைப்புத் துண்டிக்கப்பட்ட வீடுகள் நிறைய.

பழைய மானியமும் சும்மா வந்ததல்ல. மின்சார சபையின் நட்டத்தை அரச வங்கிகளும் திறைசேரியும் சுமந்தன. அந்தச் சுமை நெருக்கடிக்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் குளிரூட்டி ஓடும் வீட்டுக்கும் ஒற்றை மின்குமிழ் எரியும் வீட்டுக்கும் ஒரே அவசரத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கு யாரும் நல்ல பதில் சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறு படகில் தொழிலுக்குப் போகும் மீனவர்களின் வெளிப்புற இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு நாள் கடலுக்குப் போய்வர 20 லீற்றர் எரிந்தால் செலவு 1,740 ரூபாயிலிருந்து 6,800 ரூபாய். மீன் படுமா என்று தெரியாமலே அந்தக் காசைக் கடலில் விட வேண்டும். பலர் படகைக் கரையில் ஏற்றி வைத்தார்கள். இந்தக் கரையோர மக்களில் சிலர் 2022 மார்ச் முதற்கொண்டே படகேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். போர்க்காலத்தில் குண்டுக்கு அஞ்சிக் கடந்த நீரிணையை இம்முறை அரிசி விலைக்கு அஞ்சிக் கடந்தார்கள். தமிழ்நாட்டு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அறிவித்தது; முதல் கப்பல் அந்த மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டது.

வரி, வட்டி, சேமிப்பு

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வட்டிச் செலவு நீங்கலாக, அரசின் வரவு செலவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீத அளவுக்கு 2025இல் மிச்சம் காட்ட வேண்டும் என்பது அதன் முக்கிய இலக்குகளில் ஒன்று. செலவைக் குறைத்து மட்டும் அதை எட்ட முடியாது என்பதால் வரிகள் உயர்ந்தன. பெறுமதி சேர் வரி 2022இல் 12, பிறகு 15 என ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அப்போது வலைக்குள் வந்தன. மாதம் 2 லட்சம் ரூபாய் சம்பளம் பெறுபவர் 2022இல் வருமான வரி கட்டவில்லை. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 10,500 ரூபாய் கட்டினார். வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் தெருவில் இறங்கினர். பலர் விமானம் ஏறினர்.

மத்திய வங்கி 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. லீசிங்கில் ஓட்டோ எடுத்தவர் இருபுறமும் நெருக்கப்பட்டார்: புதிய கடனுக்கு வட்டி கூடியது, ஓட்டப் பெற்றோல் இல்லை. வீடுகளில் கடைசியாகக் கைபோனது நகைக்கு. ரூபாய் சரிந்ததால் பவுண் விலை ஏறி, அதே காப்புக்கு அடகு வைக்கையில் முன்பைவிடக் கூடுதல் தொகை கிடைத்தது. அது ஆறுதலாகத் தோன்றினாலும், கூடிய முதலுக்குக் கூடிய வட்டி சேர்ந்து மீட்க முடியாமல் ஏலத்தில் போன நகைகள் பல. கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடனில் ஏற்கெனவே சிக்கியிருந்த வடக்கு, கிழக்குப் பெண்களுக்கு அடகு வைக்க நகையும் மிஞ்சியிருக்கவில்லை.

சேமிப்பிலும் கை வைக்கப்பட்டது. 2023 ஜூலையில் நாடாளுமன்றம் ஏற்ற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகள் பழைய முறிகளைக் குறைந்த வட்டியுள்ள புதியவற்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. புதியவற்றுக்கு 2025 வரை 12 சதவீதம், பிறகு 9 சதவீதம் வட்டி. மாற்ற மறுத்தால் 14 சதவீத வரி 30 சதவீதமாகும். தையற்சாலைப் பெண்ணும் கடைச் சிப்பந்தியும் மாதாமாதம் சம்பளத்தில் 8 சதவீதம் கொடுத்துச் சேர்த்த பணம் அது. நிறுவனங்கள் அனைத்திலும் குறைவாகக் குரல் கொடுக்கக்கூடிய நிதியே சுமையை ஏற்றது.

வைத்தியசாலை

இலங்கையின் இலவச மருத்துவம் பெயரளவில் மாறவில்லை. மருந்துகள் தீர்ந்தபோது, வெளியில் வாங்கிவரச் சொல்லும் துண்டுச் சீட்டு நோயாளியின் கைக்கு வந்தது. வெளியிலோ மருந்து விலை 2022 மார்ச்சில் 29 சதவீதமும் ஏப்ரல் இறுதியில் 40 சதவீதமும் உயர்த்தப்பட்டிருந்தது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினம் போடும் குளிசையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது முதியவர்களின் சிக்கனமானது.

உதவியும் வெளியேற்றமும்

பழைய சமுர்த்தி உதவித் திட்டத்துக்குப் பதிலாக 2023 ஜூலையில் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியது. குடும்பத்தின் நிலையைப் பொறுத்து மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என அப்போது நான்கு படிகள் இருந்தன. விடுபட்டோரின் மேன்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. உலக வங்கிக் கணிப்பில் 2021இல் 13.1 சதவீதமாக இருந்த வறுமை மறு ஆண்டு 25 சதவீதமானது. 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். அரச ஊழியருக்கே ஐந்தாண்டு சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதி தரப்பட்டது. சம்பளச் செலவை மிச்சம் பிடிக்க அரசு கண்ட வழி, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுச் செல்லும் வழியாக வீடுகளில் முடிந்தது.

மலையகம்

தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு வெட்டுவதற்குப் பெரிய செலவே இருக்கவில்லை. லயன் என்னும் வரிசை வீட்டில் காலையும் இரவும் கோதுமை மா ரொட்டிதான்; அந்த மாவின் விலை கோதுமை இறக்குமதியையும் டொலரையும் பொறுத்தது. உரமின்றிக் கொழுந்து குறைந்தபோது குறித்த கிலோவைப் பறிக்க முடியாமல், முழு நாள் மலையில் நின்றும் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்பட்டவர்கள் உண்டு. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021 மார்ச்சில் அதைப் பெற்றார்கள். பெற்ற ஓராண்டில் ரூபாய் சரிந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. கொழும்பு விலைச்சுட்டியை வைத்துப் பார்த்தால், அந்த 1,350 ரூபாய் 2021 செப்டெம்பரில் ஏறக்குறைய 790 ரூபாய்க்கு வாங்கியதையே வாங்கியது.