ஒரு நாள் ஆயுசு

கள்ளுக்கு ஆயுசு ஒரு நாள். விடியலில் மரத்தை விட்டு இறங்கும்போது இனிப்பு மாறாமல் இருக்கும். வெயில் ஏற ஏற நுரைக்கும். சாயங்காலம் குடித்தவன் தலைக்கு ஏறும். மறுநாள் காலையில் காடியாகிவிடும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தோட்டத்துத் தமிழரின் பழைய கதையில் இந்த ஒரு நாளைச் சுற்றி நடந்தது கொஞ்சநஞ்சமல்ல.

ஜார்ஜியா நாட்டின் ககேத்தி வட்டாரத்துக்குப் போகிற பயணிகளுக்கு வேறொரு கதை சொல்கிறார்கள். திபிலிசியிலிருந்து காலையில் வண்டி ஏறினால் மாலைக்குள் நாலைந்து திராட்சைத் தோப்புகளைப் பார்த்துவிடலாம். வீட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாக வட்ட வாய்கள் தெரியும். உள்ளே கழுத்துவரை புதைந்திருப்பவை குவெவ்ரி என்ற மண் தாழிகள். தோல், கொட்டை, காம்பு எல்லாவற்றோடும் திராட்சையைப் பிழிந்து ஊற்றி, வாயை அடைத்து, ஐந்தாறு மாதம் மண்ணின் குளிர்ச்சியிலேயே விட்டுவிடுகிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2017-இல் திபிலிசிக்குத் தெற்கே இரண்டு பழைய குடியிருப்பு மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் எட்டாயிரம் ஆண்டுக்கு முந்திய திராட்சை மதுவின் தடயம் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? ஒவ்வொரு வழிகாட்டியும் அந்த எட்டாயிரத்தைச் சொல்லாமல் குவளையை நீட்டுவதில்லை.

மண்ணில் புதைத்து மதுவைப் பழுக்க வைப்பது தமிழுக்கும் புதிதல்ல. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிர வைத்த தேறலைப் புறநானூற்றில் பேசுகிறார். குன்றுவாழ் மக்கள் மூங்கில் குழாயில் ஊற வைத்த மதுவும் சங்கப் பாட்டில் வருகிறது. யவனர் கப்பலில் வந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் குடித்ததைப் பாடியிருக்கிறார்கள். அந்த மது வந்த ஜாடிகளின் உடைசல் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கிறது. ஆக, பெருமைப்பட நமக்கும் சரக்கு இருந்தது. ஆனால் ஜொகூரில் கள் என்றால் இன்றைக்கும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். குடித்த பொருளைவிட, அதை விற்றவர் யார் என்பதில்தான் இதற்கான காரணம் கிடக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜொகூர் மிளகும் காம்பிரும் விளைந்த நாடு. ஆற்றங்கரை ஒவ்வொன்றையும் ஒரு சீனத் தலைவர் 'கங்சூ' உரிமையில் எடுத்து நடத்தினார். அபினும் சாராயமும் விற்கிற குத்தகைதான் அரசுக்குப் பெரிய வருமானம். கூலியாகக் கொடுத்த காசைப் போதையாக விற்றுத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வித்தை அப்போதே அங்கே கற்றுத் தேர்ந்ததுதான். பிறகு கித்தா என்ற ரப்பர் வந்தது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909-இல் ரயில் பாதை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று பாதையின் இருபக்கமும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. கங்சூ முறையை 1917-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காட்டுப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜொகூரில் தென்னை செழிப்பது மேற்குக் கரையில். மூவார், பத்து பகாட், பொந்தியான் பகுதிகளில் ஜாவாவிலிருந்தும் பூகிஸ் நாட்டிலிருந்தும் வந்தவர்கள் 'பாரிட்' என்ற வாய்க்கால்களை வெட்டிச் சதுப்பை வற்ற வைத்துத் தென்னையும் பாக்கும் நட்டார்கள். கள் குடிக்கும் தமிழரோ உள்நாட்டில், ரயில் பாதையோரம். ஒரு நாளில் புளித்துப்போகிற சரக்கை அங்கிருந்து தூக்கி வருவது நடக்கிற காரியமா? அதனால் பல தோட்டங்களில் லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு எட்டும் தூரத்திலேயே கொஞ்சம் தென்னையையும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தென்னைகளில் ஏறுகிறவனின் நாள், பால் வெட்டுகிறவர்களின் நாளோடு சேர்ந்தே தொடங்கும். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும் இருட்டு நேரத்திலேயே அவன் முதல் மரத்தின் பாதியில் இருப்பான். இடுப்பில் கத்தி, பக்கத்தில் தொங்கும் கலயம், காலில் தளைக்கயிறு. விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் தட்டிக்கொடுப்பான். ஓங்கி அடித்தால் பாளை செத்துவிடும். மெத்தென்று தட்டினால் சாறு ஊறாது. எத்தனை தட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம் என்பது கைப்பழக்கம். சில நாள் இப்படித் தட்டிப் பதமாக்கிய பிறகு நுனியை வெட்டிக் கலயத்தை மாட்டுவான். அதன் பிறகு காலையும் மாலையும் ஏறி, வெட்டுவாயை மெல்லிய சீவலாக மறுபடி சீவ வேண்டும். ஒரு வேளை தவறினால் வாய் அடைத்துக்கொள்ளும். மழை நாளிலும் ஏறித்தான் ஆக வேண்டும். ஈரம் பிடித்த தென்னை எப்படி வழுக்கும் என்று ஏறியவனைக் கேட்டால் தெரியும்.

கீழே பால்மரத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். அங்கேயும் கத்தி, அங்கேயும் மெல்லிய சீவல், மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டுகிற சாறு. அந்தச் சாறும் காத்திருக்காது. நேரத்தோடு சேர்க்காவிட்டால் உறைந்து ஒட்டுக்கறையாகிவிடும். உறையாமலிருக்கப் பாலில் அம்மோனியா விடுகிறார்கள், கள்ளாக மாறாமலிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள். வேதியியல் பாடத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரலாம். சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். வேறு எதையும் சேர்க்க வேண்டியதில்லை. காற்றிலும் கலயத்தின் உள்சுவரிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்களே சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும். ஒரு நல்ல நாளில் நாலு முதல் ஆறு சதவீதம் வரை ஏறும். பீருக்கு ஒப்பான அளவுதான் அது.

கலயம் கீழே இறங்கியதும் அது தோட்டத்துக் கணக்குக்குள் போய்விடும்.

மலாயாவில் கள்ளுக்கடைக்கு அரசு உரிமம் வேண்டியிருந்தது. பட்டணத்தில் அரசுக் கடைகள். தோட்டத்தில் உரிமம் நிர்வாகியான துரையின் கையில். துரைமார் தரப்பு நியாயம் இதுதான்: இங்கே கள் கிடைக்காவிட்டால் ஆட்கள் வெளியே போய்க் கள்ளத்தனமாகக் காய்ச்சிய சம்சு என்ற சாராயம் குடித்துச் சாவார்கள், கள் மென்மையானது, சத்தும் உள்ளது, நேரம் வைத்து, அளவு வைத்து விற்றால் ஒழுங்கு கெடாது. இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆள் கிடைக்காத காலத்தில் கள்ளுக்கடை உள்ள தோட்டத்துக்கு ஆள் சுலபமாக வருவான், வந்தவன் வெளியே போகமாட்டான் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. 1930-களின் கடைசியில் முழு நாள் வேலைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது வழக்கமான கூலி. அதைக் கொடுக்கும் கையும் மாலையில் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் கையும் ஒன்றாகவே இருந்தன. கடை லாபத்தை ஒரு நிதியில் போட்டுத் தொழிலாளர் நலனுக்கே செலவழிப்பதாக ஏற்பாடு. குடித்தவன் காசில் அவன் பிள்ளைக்குப் பந்து வாங்கிக் கொடுப்பதைக் கொடை என்று எழுதி வைத்தார்கள்.

கடை திறந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் லயத்துப் பெண்கள் அடுப்பை மூட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கள்ளுக்கு எதிரான குரல் முதலில் எழுந்தது அந்த வாசல்களில்தான் என்று சொன்னால் மிகையில்லை. அதைப் பத்திரிகையிலும் மேடையிலும் எழுதியவர்களும் பேசியவர்களும் பிற்பாடுதான் வந்தார்கள்.

வந்தவர்கள் வலுவாகவே வந்தார்கள். 1921-இல் கள்ளுக்கடை மறியலின்போது தன் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார். அவர் வருகைக்குப் பின் சீர்திருத்தச் சங்கங்கள் பெருகின. சாதியோடும் மூடவழக்கத்தோடும் கள்ளையும் சேர்த்தே சாடின. 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். பாலம் தாண்டினால் ஜொகூர். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சேலத்துச் சொந்தக்காரர்கள் ஊரில் கடை மூடியதைக் கடிதத்தில் எழுத, இங்கே துரை கடையைத் திறந்து வைத்திருந்தான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது இருந்தது, கள்ளுக்கடையை மூடுவதும் இருந்தது. மூன்றும் ஒரே மூச்சில் கேட்டவை. முன்னின்ற ஆர். எச். நாதன் மே மாதம் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். போர் முடிந்ததும் கெடாவில் தோட்ட இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடை வாசலில் மறித்து நின்றார்கள். 1947-இன் தொடக்கத்தில் பீடோங் பகுதியில் அது போலீசோடு மோதலாக வெடித்தது. 

கடையைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் சரி. மரத்தில் ஏறியவனைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை. பாளையின் பதம் தெரிந்த கையும் கடையின் பழியில் சேர்ந்துபோயிற்று. ஜார்ஜியாவிலும் வெட்டு விழுந்ததுண்டு. கோர்பச்சேவ் 1985-இல் மதுவுக்கு எதிராக இறங்கியபோது சோவியத் நாட்டின் திராட்சைக் கொடிகள் பெருமளவில் பிடுங்கப்பட்டன. ஆனால் குடியானவன் வீட்டுத் தாழி மண்ணுக்குள் இருந்தது, அவனுக்கே சொந்தமாக இருந்தது. கொடியைத் திரும்ப நட்டுக்கொண்டான். ஜொகூரில் மரமும் கலயமும் கடையும் தோட்டத்துச் சொத்து.

தோட்டமே போனபோது கள்ளும் போயிற்று. கித்தா வீழ்ந்து செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, ஆட்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் பக்கம் தொழிற்சாலைக்குப் போனார்கள். கள்ளுக்குப் பதிலாக வந்தது நல்லொழுக்கம் அல்ல, போத்தலில் அடைத்த மலிவுச் சம்சு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் அதை எதிர்த்து எழுதியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவால் பல உயிர்கள் போயின. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, மற்ற மதுவுக்கு அரசுக் கடை. மலேசியாவில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் ஒன்றிரண்டு ஊர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன.

ககேத்தி மாதிரி ஒரு நாள் சுற்றுலா ஜொகூரில் போக வேண்டுமானால் குளுவாங் ரயில் நிலையத்தில் தொடங்கலாம். 1938-லிருந்து காப்பி விற்கும் கடையில் ஒரு கோப்பை குடித்துவிட்டு மேற்கே பத்து பகாட் பக்கம் இறங்கினால், பாரிட் ஓரத்து வீடுகளில் இதே தென்னஞ்சாறு இன்றும் அடுப்பில் கொதிப்பதைக் காணலாம். கூலா மலாக்கா காய்ச்சுகிறார்கள். அவர்களுக்கும் அவசரம்தான், சாறு புளித்துவிட்டால் சர்க்கரை கட்டியாகாது. மணிக்கணக்காகக் கிண்டி, பாகு கறுத்து இறுகியதும் வரிசையாக நிற்க வைத்த மூங்கில் குழாய்களில் ஊற்றுகிறார்கள். ஆறியபின் குழாயைத் தட்டினால், பழுப்பு உருளையாகச் சறுக்கி வெளியே வருகிறது.