தட்டெறிதல்: கூடுதல் தூரம் காலிலிருந்து வருகிறது

வலயமட்ட மெய்வல்லுநர் போட்டிக்குப் பத்து நாட்கள் இருந்த ஒரு பின்னேரம், கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை ஒன்றின் மைதானத்துக்குப் போயிருந்தேன். பதினேழு வயது மாணவி ஒருவர் தட்டெறிந்துகொண்டிருந்தார். சுழன்று வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடும் கையை வீசினார். ஏழு முறை எறிந்தார். ஏழும் 24 மீற்றருக்கும் 25 மீற்றருக்கும் இடையில் விழுந்தன.

"சேர், இன்னும் பலமா எறியட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. கையை மறந்திட்டு முழங்காலை மடி."

சொன்ன உடற்கல்வி ஆசிரியருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009இல் போனது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாடசாலைக் காலத்தில் அவரும் தட்டெறிந்தவர். இப்போது செயற்கைக் காலோடு வட்டத்துக்கு வெளியே நின்று, தன்னால் செய்துகாட்ட முடியாத அசைவை வாயால் சொல்லிக் கொடுக்கிறார். உயர்தரம் படித்த காலத்தில் நானும் தட்டெறிந்தவன்தான். 30 மீற்றரைத் தாண்டாமலே விட்டுவிட்டேன். ஏன் தாண்டவில்லை என்பது அன்று பின்னேரம்தான் எனக்கு விளங்கியது.

எறிதல் நிகழ்ச்சிகளுக்கென்று பயிற்றுநர் இல்லாத பாடசாலைகள் வன்னியில் பல. அங்குள்ள பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதற்காக, அவரிடம் கேட்டதையும் நான் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். விளக்கங்கள் வலக்கையால் எறிபவர்களுக்கானவை. இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிக்கொள்ளலாம்.

வேகம்தான் தூரம்

தட்டின் எடை பெண்களுக்கு 1 கிலோகிராம், வளர்ந்த ஆண்களுக்கு 2 கிலோகிராம். சர்வதேச விதிப்படி 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 1.5, 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1.75 கிலோகிராம். எறியும் வட்டத்தின் விட்டம் 2.5 மீற்றர். அந்தச் சிறிய இடத்துக்குள் தட்டுக்கு எவ்வளவு வேகம் ஊட்டுகிறோம் என்பதே தூரத்தைத் தீர்மானிக்கிறது.

காற்றின் தாக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். கையை விட்டு வெளியேறும் வேகம் 10 வீதம் கூடினால் தூரம் ஏறத்தாழ 20 வீதம் கூடும். 25 மீற்றர் எறிபவர் 30 மீற்றரைத் தொடுவார். அந்த 10 வீதத்தைக் கை தராது. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. கால் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, அதன் பின்னால் நெஞ்சு வர, கடைசியாகத்தான் கை வரவேண்டும். இந்த ஒழுங்கு குழம்பினால் எவ்வளவு பலசாலியும் கிட்டத்தில்தான் எறிவார்.

பிடியும் விடுகையும்

தட்டை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நான்கு விரல்களையும் சற்று அகட்டி, அவற்றின் கடைசி மடிப்பில் விளிம்பு தங்கும்படி வைக்கவேண்டும். பெருவிரல் தட்டின் மேல் சும்மா படிந்திருக்கும். கையை ஆட்டும்போது தட்டு விழாமல் இருப்பது அந்தச் சுழற்சியின் இழுவையால்தான்.

தட்டு கடைசியாகச் சுட்டுவிரலை உரசிக்கொண்டு வெளியேற வேண்டும். அப்போது அது மேலிருந்து பார்க்கையில் மணிக்கூட்டு முள் திசையில் சுழலும். சின்னவிரல் பக்கமாக வெளியேறினால் தட்டு தள்ளாடி, காற்றில் படபடத்து விழும். இதைப் பழக எளிய வழி, இருவர் பத்து மீற்றர் இடைவெளியில் நின்று தட்டைச் சில்லுப்போல் நிலத்தில் உருட்டுவது. அது சாயாமல் நேராக ஓடினால் விடுகை சரி.

முதலில் நின்ற எறி

ஆசிரியர் அந்த மாணவியின் சுழற்சியை அன்றே நிறுத்திவிட்டார். "நிண்டு எறியத் தெரியாமல் சுத்தினால், பிழையைத்தான் வேகமாச் செய்வம்" என்றார்.

நின்ற எறியில் இடது தோள் எறியும் திசையைப் பார்க்கும். கால்கள் தோள் அகலத்தைவிடச் சற்று அகன்றிருக்கும். தட்டைப் பின்னால் கொண்டுபோகும்போது உடல் எடை முழுவதும் மடித்த வலது காலில் இறங்கவேண்டும். பிறகு வலது பாதமும் முழங்காலும் முன்னால் திரும்பத் தொடங்கும். தட்டு இன்னும் பின்னாலேயே இருக்கும். இந்த இழுபடல்தான் முறுக்கிய துணிபோல் பலத்தைச் சேமிக்கிறது. கடைசியில் இடது கால் நிமிர்ந்து, கதவுப் பிணைச்சல்போல் அசையாமல் நிற்க, வலது பக்கம் அதைச் சுற்றி வீசப்படும். கை நீண்டிருக்க, தட்டு தோள் உயரத்தில் வெளியேறும்.

தட்டு மேலெழும் கோணம் 35 முதல் 40 பாகை வரை இருப்பது நல்லது. வானத்தைப் பார்த்து எறிவதும் தலையை இடப்பக்கம் வெட்டுவதும் நம் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் இரண்டு பிழைகள்.

பிறகு சுழற்சி

முழு எறியில் முதுகைத் திசைக்குக் காட்டித் தொடங்கி ஒன்றரைச் சுற்று வருகிறோம். எடையை இடது காலுக்கு மாற்றி, அதன் முன்பாதத்தில் திரும்ப, வலது கால் அகலமாக வீசி வட்டத்தின் நடுவில் இறங்கும். இடது கால் தாமதிக்காமல் முன்விளிம்பருகே இறங்கவேண்டும். அது பிந்தினால் சேமித்த முறுக்கெல்லாம் அவிழ்ந்துவிடும். தொடக்கம் மெதுவாக, முடிவு வேகமாக இருக்கவேண்டும்.

சுழன்று எறியும் தூரம் நின்று எறிவதைவிட ஓரிரு மீற்றரே அதிகமென்றால், தொடையில் குறையில்லை, தாளத்தில்தான் குறை. தட்டு நிலத்தில் விழும்வரை வட்டத்தைவிட்டு வெளியேறக் கூடாது. வெளியேறுவதும் பின்பாதி வழியாகத்தான். நல்ல எறிகள் பல இந்த இடத்தில்தான் வீணாகின்றன.

காற்றைக் கூட்டாளியாக்குதல்

தட்டு ஒரு சிறகுபோல் காற்றில் ஏறிப் பறக்கும் பொருள். அதனால் மிதமான எதிர்க்காற்று தூரத்தைக் கூட்டும். வலக்கைக்காரருக்கு வலது முன்பக்கத்திலிருந்து வருவது இன்னும் நல்லது. எதிர்க்காற்றில் கோணத்தைத் தாழ்த்தவேண்டும். பின்காற்றில் சற்று உயர்த்தவேண்டும்.

1986இல் ஜேர்மனியரான ஜூர்கன் ஷூல்ட் எறிந்த 74.08 மீற்றர், ஆண்கள் உலக சாதனையாக ஏறத்தாழ 38 ஆண்டுகள் நின்றது. லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 2024இல் 74.35 மீற்றரும், 2025இல் 75.56 மீற்றரும் எறிந்தார். இரண்டும் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், காற்றுக்குப் பெயர்போன ரமோனா என்ற சிற்றூரில் நடந்தவை. ஓட்டத்துக்கு இருப்பதுபோல் தட்டெறிதலுக்குக் காற்று வரம்பு கிடையாது. நமக்கும் சோளகம் இருக்கிறது. அது வீசும் மாதங்களில் தென்மேற்கைப் பார்த்து எறிந்து பழகலாம்.

கையில் இருப்பதை வைத்து

பாரம் தூக்கும் கூடம் தேவையில்லை. பழைய மோட்டார் சைக்கிள் ரயரை இரு கைகளாலும் பிடித்து இடுப்பால் திருப்பி எறிவது சிறந்த பயிற்சி. குந்தி எழும்புதல், படிக்கட்டில் பாய்தல் என்பவற்றை வாரத்தில் மூன்று நாள் செய்தால் போதும்.

பாதுகாப்பு விடயத்தில் சலுகை இல்லை. வலக்கைக்காரர் முந்தி விட்டால் தட்டு வலப்பக்கம் போகும், பிந்தி விட்டால் இடப்பக்கம் போகும். எனவே எல்லோரும் எறிபவருக்குப் பின்னால் தள்ளி நிற்கவேண்டும். தட்டைத் திருப்பி எறியாமல் நடந்துபோய் எடுத்துவரவேண்டும். கண்ணிவெடி அபாயக் குறி உள்ள பக்கமாக ஒருபோதும் எறியவேண்டாம். தட்டு அங்கே போனால் அது போனதுதான்.

இருந்து எறிபவர்கள்

காலை இழந்தவர்களுக்கும் இந்த விளையாட்டில் இடமுண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளில் எஃப்51 முதல் எஃப்57 வரையான பிரிவினர் இருக்கையில் அமர்ந்து எறிகிறார்கள். இருக்கையின் உயரம் 75 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. இங்கே தரைக்குப் பதில் இருக்கைச் சட்டகம்தான் தாங்கும். உடலை வாரால் இறுக்கிக் கட்டி, இடக்கையால் சட்டகத்தின் கம்பியைப் பிடித்து இழுத்தபடி உடலைத் திருப்புகிறார்கள். கை கடைசியாக வரும் ஒழுங்கு அதிலும் மாறுவதில்லை.

ஆசிரியரிடம், நீங்களும் முயன்று பார்க்கலாமே என்றேன். "இருக்கை ஒண்டு ஒட்டுவிக்கக் குடுத்திருக்கிறன்" என்றார்.

பத்து நாட்களின் பின்

அந்த மாணவியின் தகப்பன் இறுதி யுத்தத்தில் காணாமல் போனவர். தாய் கூலி வேலை செய்கிறார். உயர்தரத்துக்குப் பிறகு ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதா, மேலே படிப்பதா என்பது வீட்டில் முடிவாகவில்லை. தேசிய மட்டத்தில் திறமை காட்டினால் பல்கலைக்கழக அனுமதிக்கு விசேட ஏற்பாட்டின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று ஆசிரியர் அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த வீட்டுக்குச் சில மீற்றர்கள் சின்ன விடயமல்ல.

போட்டியன்று அவர் சுழலவில்லை. மற்றவர்கள் எல்லோரும் சுழன்று எறிய, அவர் மட்டும் நின்று எறிந்தார். சிலர் சிரித்தார்கள். அளவு நாடா 27 மீற்றர் 40 என்று காட்டியது. மூன்றாம் இடம். சுழன்று எறிந்த நாட்களைவிட இரண்டு மீற்றருக்கு மேல் அதிகம்.

"அடுத்த வருசம் சுத்தி எறிவம், என்ன சேர்?" என்று கேட்டார்.

"நாளைக்கே தொடங்குவம்" என்றார் ஆசிரியர்.