துப்பறிவாளர் தொடர்களும் நெய்வேலி வாசகர்களும்

தமிழில் துப்பறியும் நாவல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த் என ஒரே நாயகன் பல கதைகளில் வரும் வழக்கம் நிலைத்தது. கணேஷ் 1968இல் ‘நைலான் கயிறு’ கதையில் அறிமுகமானார். வசந்த் பின்னர் வந்து சேர்ந்தார்.

1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி எழுந்த நெய்வேலி நகரியம், ஷிப்ட் வேலையால் இயங்கும் ஊர். 1980களில் தமிழகமெங்கும் பேருந்து நிலையக் கடைகளை நிறைத்த மாத நாவல்கள் இத்தகைய ஊர்களுக்கென்றே அளவெடுத்தவை போல இருந்தன: ஓய்வு நேரத்தில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோர் அவற்றில் வலம் வந்தனர்.

வாசகர்களின் ஏமாற்றத்துக்கான விதையும் அந்த நாவல்களிலேயே இருந்தது. மாதக் கெடுவும் பக்க வரம்பும் முடிச்சை அவசரமாக அவிழ்க்க வைத்தன. பழக்கப்பட்ட நாயகன் சாகமாட்டான் என்பது தெரிந்ததும் பதற்றம் குறைந்தது. சங்கர்லாலின் தேநீர் போன்ற அடையாளங்கள், முதலில் ருசித்தவை, பின்னர் சடங்காயின. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1893இல் தன் நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸைக் கதையில் கொன்ற கோனன் டாயிலும் 1903இல் அவரை உயிர்ப்பித்தார். 1927இல் தொகுப்பாக வந்த கடைசிக் கதைகள் பழைய தரத்தில் இல்லை என்பது பரவலான கருத்து.

தொலைக்காட்சித் தொடர்கள் பெருகியதும் மாத நாவல் விற்பனை சரிந்தது. 1998 முதல் நெய்வேலியில் நடக்கும் புத்தகக் கண்காட்சி வாசகர்களுக்கு வேறு வாசலைத் திறந்தது.