மட்டாஞ்சேரிச் சாப்பாவும் மனவடுவும்

எங்கள் வீட்டில் சில்லறைக் காசைத் தரையில் போடக் கூடாது. கை தவறி விழுந்தால்கூடத் தாத்தாவின் முகம் மாறிவிடும். "காசைக் கையில குடுங்கடா, எறியாதீங்க" என்பார். லட்சுமிக்குக் காட்டும் மரியாதை என்றுதான் சிறுவர்களாகிய நாங்கள் எண்ணியிருந்தோம். 1940களில் நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, மட்டாஞ்சேரித் துறையில் மூட்டை சுமந்தவர் அவர். உண்மைக் காரணம் என்னவென்று அவர் மறைந்த பிறகு ஆச்சி சொல்லித்தான் தெரிந்தது.

அக்காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. அது கையில் இருந்தால்தான் அன்றைக்கு வேலை. விடிகாலையில் கூலியாட்கள் கூட்டமாக நிற்பார்கள்; கங்காணி போன்ற மூப்பன் வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். விழுந்தடித்து, மிதிபட்டு, ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கி எடுக்க வேண்டும். கிடைத்தவனுக்கு அன்று சோறு. கிடைக்காதவன் மண்ணைத் தட்டிக்கொண்டு வீடு திரும்புவான். மறுநாளும் இதே கதைதான். இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, செய்தலவி, ஆண்டணி ஆகிய மூவர் அந்தப் போராட்டத்தில் உயிர் துறந்தார்கள். கே.எம். சிதம்பரன் எழுதிய 'துறமுகம்' நாடகமும், அதைத் தழுவி 2023இல் வெளிவந்த திரைப்படமும் இந்த வரலாற்றைத்தான் சொல்கின்றன. நம் இளைஞர்கள் அந்தப் படத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

தாத்தாவுக்கு ஆயுள் முழுக்க வயிற்று நோவு. ஐம்பது வயதுக்குள் இரத்தக் கொதிப்பும் வந்துவிட்டது. எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார். என்ன சாப்பிட்டீர் என்று கேட்டவர்கள் உண்டு. என்ன பட்டீர் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

பட்ட துன்பத்துக்கும் நாள்பட்ட நோய்க்கும் தொடர்பு உண்டா? இங்கிலாந்தில் 1967இல் மைக்கேல் மார்மட் பின்னாளில் முன்னின்று ஆராய்ந்த 'வைட்ஹால்' ஆய்வு தொடங்கியது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. புகைபிடித்தல், கொழுப்பு எல்லாம் கணக்கில் எடுத்தும் வேறுபாடு முழுதும் விளங்கவில்லை. பிற்பாடு 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையின் மேல் தனக்கே பிடி இல்லாத நிலையும் ஒரு காரணம் என்று காட்டியது. நாற்காலியில் அமர்ந்து மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கே இப்படி என்றால், சாப்பாவுக்குக் காத்து நின்றவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு குழந்தைப் பருவத்தைப் பற்றியது. அடி, அவமானம், குடிகாரத் தகப்பன் என்று நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பம் கண்ட பிள்ளைகளுக்கு, வளர்ந்த பின் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆபத்து வந்தால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரப்பது உடம்பைக் காக்கத்தான். ஆபத்து போன பின்னும் அது அடங்காமல் இருந்தால் இரத்தக் குழாய், சர்க்கரை, உறக்கம் எல்லாமே கெடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப் புண் கவலையால்தான் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதற்கு ஒரு கிருமியே முக்கியக் காரணம் என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் நிறுவினார்கள். அதற்காக 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே தாத்தாவின் வயிற்று நோவுக்குச் சாப்பாதான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. எல்லா நோயையும் மனசின் தலையில் கட்டுவதும் பிழைதான்.

ஆனாலும் நம் நாட்டு வைத்தியர்கள் இதைப் பழங்காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். கேரள வைத்தியர்கள் போற்றும் அஷ்டாங்க ஹ்ருதயம் பேதி நோயை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று அச்சத்தால் வருவது, இன்னொன்று துக்கத்தால் வருவது. இவற்றுக்கு மருந்தோடு ஆறுதலும் மகிழ்வூட்டலும் வேண்டும் என்கிறது சரக சம்ஹிதை. மட்டாஞ்சேரிக்கும் வைத்தியத்துக்கும் உள்ள உறவு பழையது. போர்த்துகீசியர் கொடுமையால் கோவாவை விட்டு ஓடிவந்த கொங்கணியர் இங்கே குடியேறினார்கள். அவர்கள் வழியில் வந்த ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூவர், டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' மூலிகை நூலுக்கு உதவி, 1675இல் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்கள். அகதியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊருக்கே வைத்தியம் சொன்னார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு நிறைவு.

நம் காலத்தில் இதைத் தமிழில் செய்து காட்டியவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போரில் வீடும் உறவும் இழந்தவர்கள் அவரிடம் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. தலையிடி, நெஞ்சு நோ, பெருமூச்சு என்றுதான் வந்தார்கள். மருந்தோடு சாந்தி ஆசனம், மூச்சுப் பயிற்சி, எண்ணெய்த் தேய்ப்பு, அவரவர் சமயத்துக்கு ஏற்ற நாமச் செபம் ஆகியவற்றையும் அவர் கையாண்டார். அங்கே மாத்திரையை யாரும் தூக்கி எறியச் சொல்லவில்லை. முழுமை வைத்தியம் என்ற பெயரில் இன்சுலினை நிறுத்தச் சொல்பவர்களை நம் வீட்டு வாசலில் ஏற்றக் கூடாது.

சென்ற ஆண்டு நம்மவர்களுக்காக நடந்த ஒரு மருத்துவ முகாமில் பெயர் எழுதும் வேலை எனக்கு. பிரஷர், சுகர், எடை என்று படிவத்தில் கட்டங்கள். சலவைத் தொழில் செய்த ஒரு மூதாட்டி வந்து அமர்ந்தார். கையில் பட்டை சுற்றிக் கொண்டிருக்கும்போது, "எந்த ஊரம்மா, எப்ப வந்தீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். கால் மணி நேரம் பேசினார். வரிசை நீண்டுவிட்டது, பின்னாலிருந்தவர்கள் சலித்துக் கொண்டார்கள். அவர் சொன்னதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. பின்பக்கம் திருப்பி எழுதிக் கொண்டேன்.