போர்க்கால ஓலைகள் – 14: புறமுதுகிட்டவனே மாப்பிள்ளை

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 1068 வாக்கில் வீரராசேந்திர சோழன் வெட்டுவித்த கல்வெட்டை ஆதுலசாலைக்காகத்தான், அதாவது மருத்துவமனைக்காகத்தான், தேடிப் போகிறார்கள். 15 படுக்கைகள், வைத்தியர், மருந்துப் பட்டியல் என்று படித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதன் தலைமாட்டில் நீளும் மெய்க்கீர்த்தியைச் சீண்டுவாரில்லை. கூடல்சங்கமப் போர் அங்கேதான் இருக்கிறது. சாளுக்கிய ஆகவமல்லனும் அவன் மகன்கள் விக்கலன், சிங்கணனும் ஓடிய கதை. விக்கலன் பெயரை நினைவில் வையுங்கள்.

சோழ அரசில் மன்னன் வாய்மொழி ஆணை திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் இறக்குபவர் திருமந்திர ஓலை, சரிபார்ப்பவர் ஓலைநாயகம். தானத்துக்கும் வரிக்கும் இந்த வழியெல்லாம் கல்லில் பதிவாகியிருக்கிறது. சண்டையா சமாதானமா என்று அரண்மனையில் நடந்த பேச்சு மட்டும் பதிவாகவில்லை. முடிவுதான் மெய்க்கீர்த்தியாக நமக்குக் கிடைக்கிறது, அதுவும் வென்றவன் வாயால்.

தோற்ற அதே கூடலில் மறுபடி மோதுவோம் என்று ஆகவமல்லன் ஓலை விடுத்ததாக மணிமங்கலம் கல்வெட்டு சொல்கிறது. சோழன் போய் ஒரு மாதம் காத்திருந்தான். எதிரி வரவில்லை. அவன் நாட்டை எரித்துவிட்டு, துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நட்டான். பயந்துவிட்டான் என்கிறது சோழர் தரப்பு. சாளுக்கிய அவைப் புலவர் பில்கணரோ, தீராக் காய்ச்சலில் அவன் துங்கபத்திரையில் இறங்கி உயிர்விட்டான் என்கிறார். அது 1068 மார்ச் மாதம்.

ஆகவமல்லனின் மூத்த மகன் சோமேசுவரன் பட்டமேறினான். தம்பிக்கு மனத்தாங்கல். சோழன் ஒரு கையால் சாளுக்கியரின் கம்பிலி நகரைக் கொளுத்தி, மறு கையால் தம்பிக்குத் தன் மகளைக் கொடுத்தான். அந்தத் தம்பிதான் விக்கலன், அதாவது விக்கிரமாதித்தன்! சாளுக்கிய நாடான இரட்டபாடி ஏழரை இலக்கத்தையும் அவனுக்கே கொடுத்ததாகப் பெருமை வேறு. சாளுக்கியத் தலைநகர் கல்யாணபுரத்தில் அண்ணன் சிம்மாசனத்தில் இருக்கும்போதே, கையில் இல்லாத நாட்டுக்கு இந்தக் கொடை.

யார் முதலில் இறங்கி வந்தது? அடைக்கலம் தேடி வந்தான் என்கிறது சோழக் கல்வெட்டு. சோழத் தூதன்தான் பெண் கொடுக்க வந்தான் என்கிறார் பில்கணர். இரண்டு பேரும் அவரவர் எசமானுக்கு எழுதியவர்கள். ஆனாலும் எனக்கு, கூடல் வெற்றியைவிட இந்தச் சம்பந்தமே பெரிய காரியமாகப் படுகிறது. படையால் உடைக்க முடியாத வீட்டை மகளைக் கொடுத்து இரண்டாக்கினான்.

ஆனால் அந்த ஏற்பாடு ஒரு மனிதனின் ஆயுளோடு கட்டப்பட்டது. 1070-ல் வீரராசேந்திரன் மறைந்தான். மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்தத் துணைநின்றான் விக்கிரமாதித்தன். சில மாதங்களில் அதிராசேந்திரனும் போய், வேங்கிச் சாளுக்கிய வழிவந்த குலோத்துங்கன் சோழ அரசனானான். 1076-ல் அண்ணனை இறக்கிவிட்டுப் பட்டமேறிய அந்த மாப்பிள்ளை 50 ஆண்டு ஆண்டான். 1118 வாக்கில் வேங்கியையும் சோழரிடமிருந்து பறித்தான்.